புதுக் காருக்குள் தண்ணீர் வரக்கூடாது

சனிக்கிழமை போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். என் புதுக் காரின் பின் வலக் கதவு, கிழிந்து தொங்குகிற ரப்பர், பக்கத்தில் டீலர் தந்த சேர்விஸ் தாள். அதில் ஒரே ஒரு வரி: "வாகனத்தின் இயல்பு. பழுது எதுவும் இல்லை." அந்த வரியை மூன்று நாளாக மனதுக்குள் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. இதைத்தான் யாரும் காதில் வாங்குகிறார்கள் இல்லை. குளிரில் கதவு உறைகிறது என்பதல்ல என் முறைப்பாடு. கதவால் தண்ணீர் உள்ளே வருகிறது என்பதுதான். இங்கே கனடாவில் ஜூலையில் வாங்கிய கார். வரியோடு 48 ஆயிரம் டொலருக்கு மேல், 84 மாதம் கட்டி முடிக்க வேண்டும். புதுக் காருக்குள் தண்ணீர் வரக்கூடாது. இவ்வளவுதான் நான் சொல்வது.

ஒக்டோபர் கடைசி மழையில்தான் தொடங்கியது. காலையில் கண்ணாடிகளின் உட்பக்கம் முழுக்க ஆவி படிந்திருக்கும். பிறகு ஒரு மணம், ஈரச் சாக்கை மடித்து வைத்தது போல. மேலே கிடந்த மிதியடி காய்ந்துதான் இருந்தது. அதைத் தூக்கிவிட்டுக் கீழே இருக்கிற கார்ப்பெட்டை உள்ளங்கையால் அமத்தினேன். விரல்களுக்கு நடுவால் தண்ணீர் மேலே வந்தது. அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கிறது. அது குடித்த தண்ணீர் லேசில் வெளியே வராது. அதற்குக் கீழேதான் வயர்கள் போகின்றன. இன்றைக்கு ஈரம், நாளைக்குப் பூஞ்சணம், அதற்குப் பிறகு காரில் எந்த லைட் ஏன் எரிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் உடனே டீலரிடம் ஓடவில்லை. நானே பார்த்தேன். கதவுக்குள் தண்ணீர் போவது வேறு, காருக்குள் தண்ணீர் வருவது வேறு. மழை பெய்தால் கண்ணாடியோரமாக எந்தக் கதவுக்குள்ளும் தண்ணீர் இறங்கும். அது வெளியே போகத்தான் கதவின் அடியில் சின்னச் சின்னத் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். அவை அடைபட்டால் கதவு வாளி மாதிரி நிறைந்து உள்ளே ஒழுகும். குனிந்து பார்த்தேன், மூன்றும் திறந்துதான் இருந்தன. அதற்குப் பிறகு பேப்பர் சோதனை. இதற்கு வழக்கமாகக் காசுத் தாளைத்தான் வைப்பார்கள். கனடாக் காசு பிளாஸ்டிக், வழுக்கும். அதனால் கடை விளம்பரத் தாளை நீளமாகக் கிழித்து, கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தேன். மற்ற மூன்று கதவுகளிலும் தாள் இறுகிப் பிடித்தது, ஒன்றில் கிழிந்தே போனது. பின் வலக் கதவின் மேல் மூலையில் மட்டும் வெண்ணெயில் கத்தி போனது போல வந்துவிட்டது. அந்த இடத்தில் ரப்பர் கதவைத் தொடவே இல்லை.

வெளிக் குழாயை வின்டருக்காகப் பூட்டுவதற்கு முதல் கிழமை ஹோஸ் பிடித்தும் பார்த்தேன். மருமகன் டோர்ச்சோடு உள்ளே இருந்தான். அவசரப்பட்டு மேலே பிடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. கீழிருந்து மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். அடியில் ஒன்றுமில்லை, நடுவில் ஒன்றுமில்லை. மேல் மூலைக்கு வந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், "மாமா, வருது" என்றான். ஒரு துளி ரப்பரின் உள் ஓரத்தில் பருத்து நின்று, பிறகு தூணோரமாகக் கோடு போட்டு இறங்கி, கதவுப்படிக்குள் மறைந்தது. அது வீடியோவில் இருக்கிறது. திகதி இருக்கிறது. ஓடோமீற்றர் படமும் இருக்கிறது.

இவ்வளவையும் கொண்டுபோய்க் காட்டினேன். நவம்பரில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. இரண்டு முறையும் ரப்பருக்குச் சிலிக்கோன் பூசித் தந்தார்கள். சிலிக்கோன் நல்ல சாமான்தான், நானும் பூசுகிறவன்தான். ஆனால் அது ரப்பர் கதவோடு ஒட்டாமல் இருப்பதற்கு. இடைவெளியை அடைப்பதற்கு அல்ல. காலில் முள் குத்தியவனுக்குக் கையில் மருந்து பூசிய கதை. செய்ய வேண்டியது ஒன்றில் அந்த ரப்பரை மாற்றுவது, அல்லது கதவு கொளுவுகிற வளையத்தை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளிக் கதவை இறுக்குவது. ஒழுங்கான மெக்கானிக் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவார்.

சரி, உறைவதற்கு வருகிறேன். இந்த ரப்பர் உள்ளே வெறும் குழல். கதவு சாத்தும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கும். சரியாக நசுங்காத இடத்தில் தண்ணீர் தேங்கும். ஓடி வந்த காரின் உள்சூட்டில் ஸ்னோ உருகி அங்கே நிற்கும். இரவு மைனஸ் பதினைந்துக்குப் போனால் அந்தத் தண்ணீர் பசையாகிவிடும். காலையில் கதவைத் திறந்தால் ரப்பர் கதவோடு போகும். அதாவது உறைவது நோய் இல்லை, ஒழுக்கின் அடையாளம். நாலு கதவும் ஒரே தெருவில், ஒரே குளிரில்தான் நிற்கின்றன. குளிர்தான் காரணம் என்றால் ஏன் ஒரு கதவு மட்டும்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல்நாள் பின்னேரம் மழை, இரவு சடாரென்று மைனஸ் பதினேழு. அம்மாவுக்கு எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் கண் டொக்டர். அம்மா எப்போதும் பின் வலப்பக்கம்தான் இருப்பா, நடைபாதைப் பக்கம் ஏறச் சுகம் என்று. கதவு வரவில்லை. எனக்கு முறை தெரியும். இழுக்கக்கூடாது, முதலில் வெளியிலிருந்து தோளால் அழுத்தி ஐஸை நொறுக்க வேண்டும். சுடுதண்ணி ஊற்றக்கூடாது, கண்ணாடி வெடிக்கும், ஊற்றின தண்ணீரே திரும்ப உறையும். மற்றப் பக்கத்தால் ஏறி, ஹீற்றரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இருபது நிமிடம். அம்மா வாசலில், கோட்டும் தொப்பியும் போட்டபடி, கைத்தடியோடு. கடைசியில் கதவு வந்தது. ரப்பரும் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்து வந்தது.

அம்மா ஏறினா. ஆஸ்பத்திரியில் இறக்கும்போதுதான் பார்த்தேன். அவவுடைய வலது சப்பாத்தும் மேஸும் நனைந்திருந்தன. கார்ப்பெட்டில் உறைந்து கிடந்தது ஹீற்றர் சூட்டில் உருகியிருக்கிறது. நாற்பது நிமிட ஓட்டம், கால் முழுக்க ஈரத்தில். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏனம்மா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சின்ன ஈரம்தானே தம்பி. நீ கார் ஓடுறாய், ஏன் கரைச்சல் தருவான்" என்றா. எழுபத்தாறு வயது, சீனி வருத்தக்காரி. அவவின் காலில் ஒரு சின்னப் புண் வந்தாலே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து அந்த மேஸைக் கழற்றி, என் கைலேஞ்சியால் விரல் இடுக்கெல்லாம் துடைத்தேன்.

இனிச் சனிக்கிழமை. கிழிந்த ரப்பரைக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தமிழ்த் தம்பி. ஆங்கிலத்தில் தொடங்கியவர், என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார். எனக்கு மனம் குளிர்ந்தது, உண்மையைச் சொல்கிறேன். நம்மட பிள்ளை, விளங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். "அண்ணை, இது வின்டர்தானே. எல்லாற்ற காரும் இப்பிடித்தான்" என்றார். கிழிந்தது நான் இழுத்ததால், அதனால் வொறன்டி இல்லை என்றார். வீடியோவைக் காட்ட ஃபோனை நீட்டினேன். கையில் வாங்கவில்லை. சிலிக்கோன் குழாய் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். 24 டொலர். வரி வேறு.

ஒழுகியதால் உறைந்தது. உறைந்ததால் கிழிந்தது. அவர்கள் கடைசியில் இருந்து வாசிக்கிறார்கள்: கிழித்தது நீ, ஆகவே உறைந்தது உன் பிழை, ஆகவே ஒழுக்கே இல்லை.

இனி, படத்தைப் பார்த்தவர்களிடமிருந்து எனக்கு வந்த அறிவுரைகள். "கனடாவில் இருந்துகொண்டு குளிரைப் பற்றிக் கதைக்கலாமா?" நான் வந்து 27 வருடம். 2013 டிசம்பரில் ரொறன்ரோவே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது போல நின்றதே, மரங்கள் முறிந்து கரண்ட் இல்லாமல் நத்தார் கொண்டாடினோமே, அப்போது என்னிடம் இருந்தது ஒன்பது வருடப் பழைய கார். விரல் தடிப்பு ஐஸ். நாலு கதவையும் தட்டித் தட்டித் திறந்தேன், ஒரு ரப்பரும் கிழியவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குளிர் எனக்குத் தெரியும்.

"வேறு கம்பனி வாங்கியிருக்கலாம்." வாங்கியாகிவிட்டது. அடுத்தது.

"டபிள்யூடி-40 அடி, வஸ்லின் பூசு." தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கதவு ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற வகை. மழை, வெயில், குளிர் எல்லாம் தாங்கும், இந்த இரண்டிலும் இருக்கிற பெற்றோலிய எண்ணெய் மட்டும் ஆகாது. நாளடைவில் ஊதிப் பழுதாகும். துடைத்துக் காயவைத்துவிட்டுச் சிலிக்கோன் பூசுங்கள். வின்டரில் கார் கழுவினால் கதவோரங்களைத் துவாயால் ஒற்றிவிடுங்கள்.

"பொறுமையாக இரு, மூன்று வருட வொறன்டி இருக்கிறதே." உங்கள் வொறன்டிப் புத்தகத்தை எடுத்துச் சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். என்னுடையதில் மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர் என்று பெரிதாக இருக்கிறது. நாலு பக்கம் தள்ளி, காற்றுச் சத்தம், தண்ணீர் ஒழுக்கு, கதவுப் பொருத்தம் இவற்றுக்கு முதல் 12 மாதம் அல்லது 20,000 கிலோமீற்றர் மட்டும் என்று இருக்கிறது. ஏழு மாதம் போய்விட்டது. நான் பொறுமையாக இருந்தால் யாருக்கு லாபம்?

கடைசியாக, உள்பெட்டியில் வந்தது. மூன்று பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். "ஒரு தமிழ்ப் பெடியன்ர வேலைக்கு ஏன் உலை வைக்கிறியள்?" இதுதான் என்னை அதிகமாக நோகடித்தது. நான் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. கடையின் பெயரையும் சொல்லவில்லை, காரின் சின்னம் படத்தில் வராமல் பார்த்துத்தான் போட்டேன். இருந்தும் நான்தான் கெட்டவன். என் தாய் ஈரக் காலோடு இருந்தது ஒருவருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

தமிழில் கதைத்தது எனக்குச் செய்த உதவி இல்லை. அதே தமிழில் "வாங்கோ அண்ணை, ஒருக்கா பாப்பம்" என்று சொல்லியிருந்தால், அவரால் முடியாது போயிருந்தாலும் நான் பேசாமல் வந்திருப்பேன். எழுந்து பதினைந்து அடி நடந்து வந்து அந்த சீற்றில் இருந்து பார்க்கவில்லை. அதுதான் நோகுது.

எங்கள் ஊர் வீடு கிடுகுக் கூரை. மாரிக்கு முன் வேய வருகிற ஐயா ஒருவர் இருந்தார். வந்ததும் ஏணியைத் தேட மாட்டார். வீட்டுக்குள் வந்து, கதவையும் யன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டு, நிலத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுப்பார். பகல் வெளிச்சம் எந்தப் பொத்தலால் வருகிறதோ அதைக் கைவிரலால் சுட்டி எண்ணுவார். அதற்குப் பிறகுதான் மேலே ஏறுவார். ஒரு வருடம் வேய்ந்த பிறகும் சாமியறை மூலையில் ஒழுகியது. அம்மா சட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டா. அவர் வேறு அலுவலாக வந்தபோது அந்தச் சட்டியைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. மழைக்குள்ளேயே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கூலி வாங்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

அம்மா அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. வந்த நாட்டில் சத்தம் போடக்கூடாது, தந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எங்களையும் வளர்த்தா. முதல் வீட்டு பேஸ்மென்ற்றில் ஒழுகியபோது வாளி வைத்தோம். தொழிற்சாலையில் ஓவர்டைம் காசைக் குறைத்துப் போட்டபோது பேசாமல் கையெழுத்து வைத்தேன். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிக் கேட்டால் கரைச்சல் பிடித்தவன் என்கிறார்கள், அதுவும் எங்கட ஆட்களே.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் டீலரிடம் வாங்கிய காரை யோசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க அவகாசம் கிடையாது. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். பக்கத்து மாகாணம் கியூபெக்கில் 2023இல் பழுதான வாகனங்களுக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள், இங்கே இல்லை. ஆனால் காம்வாப் (CAMVAP) என்று, வாங்கியவருக்கும் கார்க் கம்பனிக்கும் இடையில் தீர்ப்புச் சொல்கிற ஒரு நடுவர் திட்டம் 1994இலிருந்து இருக்கிறது. வாங்கியவருக்குச் செலவில்லை, தீர்ப்பு இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். எல்லாக் கம்பனிகளும் அதில் இல்லை. என்னுடையது இருக்கிறது, பார்த்துவிட்டேன். அங்கே போக முதல் டீலருக்குத் திருத்தச் சந்தர்ப்பம் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். அதனால் உங்கள் சேர்விஸ் தாள் ஒன்றையும் எறியாதீர்கள். திகதியும் கிலோமீற்றரும் நீங்கள் சொன்ன முறைப்பாடும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். என்னுடைய டிசம்பர்த் தாளில் "ஒழுக்கு" என்ற சொல்லே இல்லை. "கதவு இறுக்கம்" என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குத் திரும்பப் போகிறேன், இந்த முறை சேர்விஸ் மனேஜரிடம். ஃபோனில் கேட்டுவிட்டேன், அவர்களின் கராஜுக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. டோர்ச் நான் கொண்டு போகிறேன். அவர் பின் வலப்பக்க சீற்றில் இருக்கட்டும், கதவைச் சாத்திவிட்டு மேல் மூலையில் தண்ணீர் பிடிக்கட்டும். இரண்டு நிமிடம் போதும்.

அதுவரைக்கும் அந்தக் கதவை நாங்கள் திறப்பதில்லை. அம்மா இப்போது முன்னுக்கு, எனக்குப் பக்கத்தில் இருக்கிறா.