இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே?

"இத்தாலியச் சொல் எதுவானாலும் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்து, போதும்" என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிதான் சரி. நிறைய சொற்களுக்கு ஒத்துவரும், ஆனால் வினைச்சொல்லுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

'பார்லோ' என்றால் 'பேசுகிறேன்', அழுத்தம் 'பார்' மேல். 'பேசுகிறார்கள்' என்பதற்கு 'பார்-லா-னோ' என்று நடு அசையை இழுத்துச் சொல்லச் சொல்கிறது அந்தக் குறிப்பு. தப்பு. நிகழ்காலத்தில் 'நான்' வடிவில் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கேயேதான் 'அவர்கள்' வடிவிலும் விழும், பின்னால் ஒட்டும் 'னோ' அதை நகர்த்தாது, அதனால் 'பார்-ல-னோ'வில் முதல் அசைதான் ஓங்கும். 'தெலேஃபொனனோ' (ஃபோன் செய்கிறார்கள்) இன்னும் மோசம்: தெ-லே-ஃபொ-ன-னோ, அழுத்தம் 'லே' மேல், கடைசியிலிருந்து எண்ணினால் நான்காவது அசை!

இதில் எனக்குப் பிடித்தது 'கபிதனோ'. ஒரே எழுத்துகள்தான், 'க'வை அழுத்தினால் 'நேர்கின்றன', 'த'வை அழுத்தினால் 'கேப்டன்'. கடைசி அசையை அழுத்தினால் 'தலைமை தாங்கினார்', அப்போது மட்டும் கடைசி உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். மற்ற இரண்டுக்கும் சாதாரண எழுத்தில் எந்த அடையாளமும் கிடையாது.

அப்புறம் அசை பிரிப்பது. 'பார்லியாமோ' (பேசுகிறோம்) நான்கு அசை இல்லை, மூன்றுதான்: பார்-லியா-மோ. 'லியா' ஒரே மூச்சில் வரும்.

'எரே' என்று முடியும் மூல வடிவங்களுக்கு அகராதிதான் கதி: 'வெதேரே'யில் (பார்க்க) நடு அசை, 'க்ரேதெரே'யில் (நம்ப) முதல் அசை.