பிடரி யாருடையது?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து மும்பை தாராவி 90 ஃபீட் ரோட்டில் டீக்கு நின்றேன். டீ இறங்கவில்லை. சபைக் கூட்டத்தில் ஒரு காலேஜ் பையன் எழுந்து, "கட்டட நிதிக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமே ஐயா" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். சபைப் பெரியவரான ஒரு மூப்பர் உடனே பைபிளின் நீதிமொழிகள் 29:1-ஐ எடுத்து வீசினார்: "அடிக்கடி கடிந்துகொள்ளப்பட்டும் தன் பிடரியைக் கடினப்படுத்துகிறவன் சகாயமின்றிச் சடிதியில் நாசமடைவான்." பையன் உட்கார்ந்துவிட்டான். கணக்குப் பேச்சும் அதோடு சரி.

அந்த வசனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என்னையே அடித்த வசனம் அது. நுகத்தடி வைக்கப் போனால் கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும் மாட்டை ஊரில் பார்த்தவர்களுக்கு 'பிடரி' என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். ஆனால் வேதத்தில் பிடரி விறைத்து நின்றவர்கள் யார் யார் என்று கொஞ்சம் பாருங்கள். அதில் ராஜாக்கள் எத்தனை பேர்! கடிந்துகொண்டவர்கள் கையிலோ ஒரு அதிகாரமும் இல்லை. ஆசா ராஜாவிடம் குற்றத்தைச் சொன்ன தீர்க்கதரிசி அனானிக்குக் கிடைத்தது காவலறை. ஆகாப் ராஜாவிடம் 400 தீர்க்கதரிசிகள் "போம், ஜெயம் உமக்கே" என்று பாட, மிகாயா ஒருவன் மட்டும் மாற்றிச் சொன்னான். அவனுக்கும் சிறைதான். தாவீது ராஜாவோ தீர்க்கதரிசி நாத்தான் முன்னால் "பாவஞ்செய்தேன்" என்று தலை குனிந்தார். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அடக்க வைத்திருக்கும் பிரம்பாக இந்த வசனத்தை யார் மாற்றினார்களோ தெரியாது.

எனக்கு சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம் கதைதான் அடிக்கடி நினைவுக்கு வரும். 'வாலிபர் பேச்சைக் கேட்டுக் கெட்டான்' என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அவன் பட்டத்துக்கு வந்தபோது வயது 41. கூடவே வளர்ந்த அந்த 'வாலிபர்'களுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதானே இருக்கும்! சீகேமில் ஜனங்கள் வந்து, உம்முடைய அப்பா வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கும் என்றார்கள். மூன்று நாள் தவணை கேட்டான். முதியவர்கள், நல்ல வார்த்தை சொல்லும், என்றைக்கும் உமக்கு ஊழியம் செய்வார்கள் என்றார்கள். இந்த இடத்தை நிதானமாக வாசித்தால் ஒன்று தெரியும். முதியவர் ஆலோசனையைத் தள்ளிவிட்ட பிறகுதான் அவன் கூட்டாளிகளிடம் போகிறான். முடிவை எப்போதோ எடுத்தாயிற்று. அதற்குக் கைதட்ட ஆள்தான் தேவைப்பட்டது. "என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைப்பார்க்கிலும் பருமன்" என்று சொல்ல அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்தில் பத்து அவன் கையைவிட்டுப் போயிற்று. வரி வாங்க அனுப்பிய அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள். பெருவிரலோ சுண்டுவிரலோ, ராஜா ரதம் ஏறி எருசலேமுக்கு ஓடினார்.

சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. 2013-ல் என் கார்கானாவில், அதாவது பட்டறையில், 11 மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, லெதர் பேக் வேலை. ஒரே பார்ட்டிக்கு மொத்தச் சரக்கையும் உதாரில், அதாவது கடனுக்கு, கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பெரியப்பா பக்கத்து சயானிலிருந்து நடந்தே வந்தார். "பாதிக்காவது ரொக்கம் வாங்குடா. அவன் டீ வாங்கிக் குடுக்கிற வேகமே சரியில்ல" என்றார். "காலம் மாறிப்போச்சு பெரியப்பா" என்றேன். அன்று ராத்திரி மூன்று நண்பர்களிடம் கேட்டேன். மூன்று பேரும் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துதான் அவர்களிடம் கேட்டேன். நாலாம் மாசம் பார்ட்டியின் போன் அணைந்தது. 11 மிஷின் மூன்றாயிற்று. பெரியப்பா கடைசிவரை "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேட்காதவன் தலையில் இடி விழும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சடிதியில் விழுவதும் உண்டுதான். ஆனால் ரெகொபெயாம் 17 வருஷம் ஆண்டான். அஞ்சாம் வருஷம் எகிப்தின் ராஜா சீஷாக் வந்து, சாலொமோன் செய்துவைத்த பொன் கேடகங்களையெல்லாம் அள்ளிப் போனான். இவன் பதிலுக்கு வெண்கலத்தில் செய்துகொண்டான். ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அதைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார்கள், திரும்பி வந்ததும் அறையில் வைத்துவிடுவார்கள். அதே ஊர்வலம், அதே மிடுக்கு, பொன் மட்டும் இல்லை. நானும் ஒரு வருஷம் '11 மிஷின்' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் இதே ரெகொபெயாம் ஒரு தடவை கேட்டிருக்கிறான். பிரிந்துபோன கோத்திரங்களோடு சண்டைபோட லட்சத்து எண்பதாயிரம் பேரைத் திரட்டிக் கிளம்பியவனை, சகோதரரோடு யுத்தம்பண்ணாதே என்று தேவனுடைய மனுஷன் செமாயா தடுத்தான். எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். இதைப் பற்றி நான் ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை.

நேற்று அந்தப் பையனை சயான் ஸ்டேஷனில் பார்த்தேன். "நான் தப்பாக் கேட்டுட்டேனா மாமா?" என்றான். இல்லைடா, இந்த ஞாயிறும் கேள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். காலையில் சபைப் பக்கம் போனேன். நோட்டீஸ் போர்டில் கல்யாண அறிவிப்பு இரண்டும் உபவாச ஜெபத் தாள் ஒன்றும் இருந்தன.