ஒரே மூச்சில் 4 லிட்டர் தண்ணீர்: அந்த ஆடியோவை நம்ப வேண்டாம்

காலையில் 4 லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகிவிடும் என்று ஓர் ஆடியோ ஈரோடு, கோபி பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. ஆபத்தும்கூட.

பவானிசாகர் அணையில் நீர்மட்டம் பார்த்து மதகை ஏற்றி இறக்குகிறார்கள் அல்லவா? அதுபோல மூளையின் ஹைப்போதலாமஸ் ரத்தத்தின் உப்புச்செறிவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. மஞ்சள் காட்டில் வெயிலில் வியர்த்தால் அந்தச் செறிவு ஓரிரு சதவீதம் கூடும். அது போதும். தாகம் எடுக்கும், வாசோபிரசின் ஹார்மோன் சுரக்கும், சிறுநீரகம் நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மதியம் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது இதனால்தான். ஒரு சொம்பு தண்ணீர் உள்ளே போனதும் ஹார்மோன் குறையும், சிறுநீர் வெளுக்கும். ஒரு பக்கம் கூடினால் உடலே அதை எதிர்த்துச் சரிசெய்துகொள்கிறது; பாடப்புத்தகம் சொல்லும் எதிர்மறைப் பின்னூட்டம் இதுதான்.

ஆனால் சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் 1 லிட்டர்தான் வெளியேற்ற முடியும். ஒரேயடியாக 4 லிட்டர் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளைச் செல்கள் நீரேறி வீங்கும். தலைவலி, வாந்தி, வலிப்பு வரலாம். உயிரே போகலாம்.

சரி, எப்படிக் குடிப்பது? என் அம்மாயி களை வெட்டும்போது வரப்பில் மோர்ச்சொம்பை வைத்துக்கொண்டு, அவ்வப்போது இரண்டு மடக்கு குடிப்பார். வியர்வையில் போன உப்பும் அதில் திரும்பக் கிடைத்தது. வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும், நாம்தான் கேட்டுக் கொடுக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான்.