எந்தக் கண் நோய்க்குன்னு கேட்டா ஏன் இவ்ளோ கோவம் வருது?

குங்குமப்பூ சாப்பிட்டா "எல்லா கண் நரம்பு நோயும் பறந்துடும்"னு ஒரு வீடியோ, எந்த நோய்க்குன்னு நேத்து அதுக்குக் கீழ கமெண்ட்ல கேட்டேன். கேள்வி கேட்டதுக்கு "ஃபார்மா கைக்கூலி"ன்னு என்னைத் திட்டுனாங்க, திட்டிட்டுப் போகட்டும். ஆனா அதே இடத்துல ஒரு அம்மா, தன் பொண்ணுக்கு ஸ்டார்கார்ட்னு (பரம்பரையா வர்ற ஒரு விழித்திரை நோய்) டாக்டர் சொல்லிட்டாங்க, என்ன குடுக்கலாம்னு அழுதுட்டே கேக்குற மாதிரி கேட்டிருந்தாங்க. அதுக்கு வரிசையா, "வைட்டமின் ஏ கேப்ஸ்யூல் டபுள் டோஸ் குடுங்க சிஸ்டர், கண்ணுக்கு நல்லது". அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல.

ஸ்டார்கார்ட்ல சிக்கலே வைட்டமின் ஏ தாங்க. பார்வைக்கு வேலை செஞ்சு முடிச்ச வைட்டமின் ஏ-வ விழித்திரை செல்லுல இருந்து நகர்த்துற புரதம் அவங்களுக்கு ஒழுங்கா வேலை செய்யாது, ஏபிசிஏ4-ங்கிற ஜீன்ல கோளாறு. அது நச்சுக் கழிவா மாறி சேர்ந்து சேர்ந்து செல்லே செத்துப்போகும். அதனாலதான் வைட்டமின் ஏ மாத்திரை பக்கமே போகாதீங்கன்னு டாக்டருங்க சொல்றாங்க. நீங்க போற போக்குல அந்தப் புள்ளைக்கு அதையே டபுள் டோஸ்ல எழுதிக் குடுத்துட்டீங்க.

நான் கேட்டது ஒரே கேள்வி. எந்த நோய்க்கு? விழித்திரை நோய்னா ஒரு நோய் இல்ல. வயசானவங்களுக்கு வர்ற மாக்குலா (விழித்திரையோட நடுப்பகுதி) தேய்மானம் வேற, மாலைக்கண்ணுல ஆரம்பிச்சு பக்கப் பார்வை சுருங்கிட்டே வர்ற ஆர்.பி (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா) வேற, ஸ்டார்கார்ட் வேற. "கண்ணுக்கு நல்லது"ன்னு பொதுவா ஒரு மருந்து கிடையவே கிடையாது.

"அப்போ இயற்கைப் பொருள்ல ஒண்ணுமே இல்லியா?"ன்னு கேப்பீங்க. இருக்குங்க, யாரு இல்லைன்னா? லூட்டின், ஸியாசாந்தின்னு ரெண்டு நிறமி, கீரையில, முட்டை மஞ்சக்கருவுல இருக்கிறதுதான், நம்ம மாக்குலாவுக்கு அந்த மஞ்ச நிறமே அதுங்களால வருது. அமெரிக்காவுல நேஷனல் ஐ இன்ஸ்டிட்யூட் 4,000 பேருக்கு மேல வெச்சு வருஷக்கணக்கா ஒரு ட்ரையல் நடத்தி 2013-ல ரிசல்ட் விட்டாங்க, ஏரெட்ஸ் 2-ன்னு பேரு. லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாசாந்தின் 2, கூடவே வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம். இந்த மாதிரி கலவை நடுக்கட்ட மாக்குலா தேய்மானம் முத்திப்போற வாய்ப்ப 5 வருஷத்துல சுமார் 25 சதவீதம் குறைக்குதுன்னு 2001-லயே வந்த முதல் ட்ரையல்ல தெரிஞ்சது, அதுல பீட்டா கரோட்டின் இருந்துச்சு, சிகரெட் புடிச்சவங்களுக்கு, விட்டவங்களுக்கும்கூட, அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்த கூட்டுதுன்னு தெரிஞ்சதும் அதத் தூக்கிட்டு லூட்டின போட்டாங்க. கேரட்டுல இருக்கிற அதே பீட்டா கரோட்டின்தாங்க. இயற்கைதானே, என்ன செஞ்சிடும்னு கேக்குறவங்க இதக் கொஞ்சம் யோசிங்க. அந்த மாத்திரையும் போன பார்வைய திருப்பித் தராது, ஆரம்பக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு அதால பலன்னு நிரூபணமும் இல்ல.

குங்குமப்பூவும் பொய் இல்ல. 2010-ல இத்தாலியில 25 பேருக்கு தினம் 20 மில்லிகிராம் குடுத்துப் பாத்தாங்க, விழித்திரையோட மின் துடிப்புல கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சது. 25 பேரு, மாக்குலா தேய்மானத்தோட ஆரம்பக் கட்டத்துல இருந்தவங்க. அங்கிருந்து "எல்லா கண் நரம்பு நோயும் பறந்துடும்"னு எப்படிங்க வந்தீங்க? மஞ்சளும் அப்படித்தான், அதுல இருக்கிற குர்குமின் ஆய்வுக்கூடத்துல நல்லா வேலை செய்யுது, வாய்வழியா சாப்பிட்டா ரத்தத்துல ஏறுறதே ரொம்பக் கம்மி.

"மருந்து கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?" இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமும் இல்ல.

இவ்ளோ பேசுறேன்னா எங்க அத்தையால. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில உக்காந்துட்டு, "ஏன்டா, இந்த ஜன்னல் கம்பிய யாரு வளைச்சது?"ன்னு கேட்டாங்க. கம்பி நேராத்தான் இருந்துச்சு. வெட் டைப் மாக்குலா தேய்மானம், விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் கசியுது, சீக்கிரம் ஊசி போட்டா நிறுத்தலாம்னு டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ள ஊசியான்னு வீடே பயந்துச்சு. அப்பதான் ஒருத்தர் பொடி கொண்டாந்தார், பால்ல கலந்து ஒரு மண்டலம் குடிங்க, ஊசியே வேணாம்னு. குடிச்சாங்க. திரும்ப ஸ்கேன் எடுக்கிறப்போ தழும்பு விழுந்துடுச்சு. இப்போ பேரன் எதிர்ல வந்து நின்னா அத்தைக்கு சட்டை தெரியுது, மூஞ்சி தெரியல, தலைய சாய்ச்சு சாய்ச்சுப் பாக்குறாங்க. பொடி குடுத்தவர் அதுக்கப்புறம் போனே எடுக்கல.

"உனக்கு நம்ம பாரம்பரியம்னாலே எளக்காரம்"னு எழுதுன அண்ணனுக்கு மட்டும் பதில் சொல்லிடுறேன், அது நெஜமாவே வலிச்சுது. எங்க வீட்டுல வாரம் தப்பாம பொன்னாங்கண்ணி உண்டு, பாசிப்பருப்பு போட்டு கடைசியில நெய் விட்டு எறக்குவாங்க எங்கம்மா, கொழுப்போட சேர்ந்தாத்தான் லூட்டின் உடம்புல ஏறும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்களுக்கு அது கைப்பழக்கம். நான் கீரைய திட்டல அண்ணே. ஊசி போட வேண்டிய வாரத்துல கீரைய காட்டி ஆள நிறுத்தி வைக்கிறதத்தான் திட்டுறேன்.

1993-ல பாஸ்டன்ல ஆராய்ச்சிக்காரங்க ஆர்.பி-க்கு வைட்டமின் ஏ உதவுதுன்னு சொன்னாங்க. 2023-ல ஜீன் விவரத்தையும் சேர்த்து அதே டேட்டாவ திரும்ப அலசி, பலன் இருக்கிற மாதிரி தெரியலைன்னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சும் திருத்திச் சொன்னாங்க பாருங்க. வீடியோ போட்ட உங்ககிட்ட நான் கேக்குறது ஒரு எடிட் அவ்ளோதான், எந்த நோய்க்குன்னு வீடியோவுல போடுங்க.

வீட்டுல அறுபது தாண்டினவங்க இருந்தா இன்னைக்கே ஒரு கண்ண மூடச் சொல்லி ஜன்னல் கம்பியப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் அடுத்த கண்ணு. கம்பி வளைஞ்சோ நடுவுல அழிஞ்சோ தெரியுதுன்னா உடனே விழித்திரை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.