எம்.எஸ்.டபிள்யூவா, சைக்காலஜியா, சோஷியாலஜியா?

மனிதர்களுக்கு உதவும் ஆசை இருந்தால் சமூகப்பணி (எம்.எஸ்.டபிள்யூ), உளவியல் (சைக்காலஜி), சமூகவியல் (சோஷியாலஜி) மூன்றில் எதை எடுத்தாலும் சரி என்கிறது, இந்தப் படிப்புகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நான் மனநல மருத்துவமனையில் சமூகப்பணியாளர். உளவியலாளர் அறைக்குள் உட்கார்ந்து நோயாளிக்குச் சோதனைகள் செய்வார், சிகிச்சை கொடுப்பார். அதே நேரம் நான், குணமானவரை வீட்டுக்கு அனுப்ப அவருடைய அண்ணனைப் பிடிக்க ஃபோன் போட்டுக்கொண்டிருப்பேன். "இப்ப வேண்டாம் சார், பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்பார் அவர். அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை விண்ணப்பம், கலெக்டர் ஆபீஸ் அலைச்சல். பேச்சுத்திறமையைவிடப் பொறுமைதான் அதிகம் தேவைப்படும்.

உளவியல் எடுப்பவர்கள் கவனிக்க: வெறும் எம்.ஏ. முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர், ஆகிவிட முடியாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவும் செய்ய வேண்டும். இதைக் கட்டுரை சொல்லவே இல்லை. சேர்ந்த பிறகு தெரிந்து முழிக்கிற பிள்ளைகள் நிறைய.

எம்.எஸ்.டபிள்யூ படித்த பலர் எச்.ஆர். (நிறுவனங்களின் மனிதவளத் துறை) பக்கம் போவதற்கும் காரணம் உண்டு. 500 தொழிலாளர்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்; அந்த வேலைக்குப் பொருந்துகிற படிப்பு இது. நல்ல சம்பளமும் அங்கேதான்.

சமூகவியலைக் கட்டுரை இரண்டே வரியில் தள்ளிவிட்டது அநியாயம். ஆய்வு, கள ஆய்வுத் திட்டங்கள், கல்லூரி ஆசிரியர் வேலை எல்லாம் இருக்கின்றன. யூ.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் சமூகவியலும் உளவியலும் விருப்பப் பாடங்கள். சமூகப்பணி அந்தப் பட்டியலில் இல்லை. கலெக்டர் கனவோடு எம்.எஸ்.டபிள்யூ சேர்பவர்கள் விருப்பப் பாடத்தைத் தனியாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.