"போன்லயே கேட்டுக்கலாமே அக்கா" என்றவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் முகநூலில் கேட்ட கேள்வியை ஒரு நண்பர் "கற்காலத்திலிருந்து ஒரு குரல்" என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்ததையும், அதன் கீழே விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. நான் கேட்டது இவ்வளவுதான்: மெமரி கார்டு போடுகிற மாதிரி, நிஜமான பட்டன் வைத்து, நிறுத்திய இடத்திலிருந்தே திரும்பப் பாடுகிற சின்ன பாட்டுப் பெட்டி எது? வயதானவர் கைக்குத் தோதாக இருக்க வேண்டும். வந்த பதில்களில் முக்கால்வாசி "போன்லயே கேட்டுக்கலாமே அக்கா".

யாருக்கு வாங்குகிறீர்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. எங்கே வைத்துக் கேட்பார்கள், என்ன கேட்பார்கள், கண் தெரியுமா, காது எப்படி, ஒன்றும் இல்லை. செருப்புக் கடைப் பையன்கூட முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் எடுத்து வருவான். நம் ஆட்களுக்குக் காலே வேண்டியதில்லை, தாங்கள் போட்டிருப்பதைக் கழற்றி நீட்டுகிறார்கள்.

சரி, நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். வாங்குவது என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. விடிவதற்கு முன்னாடியே மாடு கட்டுகிற கட்டுத்தரையில் நிற்பார். கையில் சாணி இருக்கும், இல்லையென்றால் தவிட்டுத் தண்ணீர். அந்தக் கையால் தொடுதிரையைத் தொட்டுப் பாருங்கள், என்ன திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்வை வேறு மங்கல். சிக்னல் தோப்பின் ஒரு மூலையில் மட்டும் வரும்.

அவர் கேட்பது சினிமாப் பாட்டும் இல்லை. மாமா இருந்தபோது நோம்பிக்கு நோம்பி, அதாவது ஒவ்வொரு திருவிழாவுக்கும், டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்த கேசட்டுகள். உடுக்கையடித்துப் பாடிய அண்ணமார் கதை (பொன்னர் சங்கர் கதை), வள்ளி கும்மி, மாரியம்மன் பாட்டு. அண்ணமார் கதையை முழுசாகப் பாட எத்தனையோ ராத்திரி வேண்டும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அதனால் கேசட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. இது எந்தச் செயலியில் இருக்கிறது? தேடிச் சொல்லுங்கள், நாளைக்கே சந்தா கட்டுகிறேன்.

அவற்றை எம்பி3 ஆக்கியது நான்தான். டேப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பில் சொருகி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தேன். இதில் குறுக்கு வழியே கிடையாது. 90 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும், நாமும் பக்கத்தில் கிடக்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. "டெக்னாலஜி தெரியாத ஆன்ட்டி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தாரே, அவருக்காகச் சொல்கிறேன்.

ஆக, ஒரு பக்கம் ஒரே கோப்பு, 45 நிமிடம். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது அத்தை நிறுத்துவார். வந்து திரும்பப் போட்டால் கதை நின்ற இடத்திலிருந்து வர வேண்டும். கடையில் கிடைக்கிற மலிவுப் பெட்டிகள் பலவும் அணைத்துப் போட்டால் அந்தக் கோப்பின் தலையிலிருந்து ஆரம்பிக்கும், சிலது கார்டிலுள்ள முதல் பாட்டுக்கே போய்விடும். நாலு நிமிடப் பாட்டு கேட்கிறவருக்கு இது ஒரு குறையே அல்ல. அத்தைக்கு இதுதான் எல்லாமே. அதைத்தான் நான் கேட்டேன். நீங்கள் சொன்னது "போன்லயே".

அடுத்தது பட்டன். இந்தப் பெட்டிகளில் அடுத்த பாட்டுக்கும் சத்தம் கூட்டுவதற்கும் ஒரே பட்டன் வைத்திருப்பார்கள். தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம். இதைக் கண்டுபிடித்த மகராசன் வீட்டில் வயதானவர்களே இல்லை போலிருக்கிறது. முன்பு வாங்கிய பெட்டியில், அண்ணமார் கதையில் தங்கை தங்காள் செத்துப்போன அண்ணன்மார்களை நினைத்து ஒப்பாரி வைக்கிற இடத்தில் அத்தை சத்தம் கூட்டப் போனார், அது கும்மிப் பாட்டுக்குத் தாவிவிட்டது. "ஏங்கண்ணு, எழவு ஊட்டுல எதுக்குக் கும்மி அடிக்கறாங்க?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் பெட்டியைப் பார்த்துச் சிரித்தேன், அவரைப் பார்த்து இல்லை.

என்னைப்போல் தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 128 கேபிபிஎஸ் என்கிற சாதாரணத் தரத்தில் பதிந்த எம்பி3 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு எம்பிதான் பிடிக்கும். 32 ஜிபி கார்டில் 500 மணி நேரத்துக்கு மேல் அடங்கும், அதற்குமேல் பெரிய கார்டு எதற்கும் தேவையில்லை. 64 ஜிபி கார்டுகள் கோப்புகளை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அடுக்கி வைக்கும், சாதாரணப் பெட்டி பலவும் அதைப் படிக்காது. 32 என்றால் ஃபேட்32 என்ற பழைய முறை, பிரச்சினை இல்லை. அப்புறம், சில பெட்டிகள் கோப்பின் பெயர் வரிசையில் பாடாது, கார்டில் ஏற்றிய வரிசையில்தான் பாடும். எண் போட்டுப் பெயர் வைத்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாக வரலாம். பேட்டரி கழற்றக்கூடியதாகப் பாருங்கள். பழைய நோக்கியா போனில் இருந்த பிஎல்-5சி போடுகிற பெட்டிகள் இன்னும் வருகின்றன, அந்த பேட்டரி மொபைல் கடைகளில் கிடைக்கும். உள்ளேயே ஒட்டி வைத்த பேட்டரி உப்பினால் பெட்டியோடு குப்பைக்குத்தான்.

இனி அறிவுரைகள். "ஐபாட் வாங்குங்க" என்றவர் கிண்டல் செய்தாரா நிஜமாகச் சொன்னாரா தெரியவில்லை. 2001-ல் வந்த அந்த ஐபாட் பாட்டுப் பெட்டி வரிசையை 2022 மே மாதத்தில் ஆப்பிளே நிறுத்திவிட்டது. எனக்கு மட்டும் தனியாகச் செய்து கொடுப்பார்களா?

"கார்வான் வாங்குங்க" என்றவர்கள் நல்ல மனசோடு சொன்னார்கள். 2017-ல் வந்த பெட்டி, 5000 பழைய பாட்டு உள்ளேயே ஏற்றியது, பென் டிரைவும் போடலாம். என் அம்மாவிடம் இருக்கிறது, சந்தோஷமாகக் கேட்கிறார். ஆனால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர். அத்தைக்கு முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிற அளவில் வேண்டும்.

ஹை-ரெஸ், அதாவது துல்லிய ஒலி அன்பர்கள் இன்னொரு பக்கம். 24 பிட், ஃபிளாக், பல ஆயிரம் ரூபாய் வாக்மேன், பேலன்ஸ்டு ஜாக். உடுக்கைச் சத்தமும் கேசட் இரைச்சலும் நடுநடுவே நாய் குரைப்பும் கலந்த பதிவை 24 பிட்டில் கேட்டால் நாய் இன்னும் துல்லியமாகக் குரைக்கும், வேறென்ன.

"பட்டன் போன்லயே கார்டு போடலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். இது ஒன்றுதான் கொஞ்சம் யோசித்த பதில். ஆனால் ஒரு அழைப்பு வந்து முடிந்ததும் மெனுவுக்குள் போய் எடுக்க வேண்டும், எழுத்து தெரியாது, பேட்டரி தீர்ந்தால் அவசரத்துக்குப் போனும் இருக்காது. வேண்டாம். இதைப் பற்றி இதற்குமேல் வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

"பேரனை விட்டுப் போட்டுத் தரச் சொல்லுங்க." இதுதான் என்னை உண்மையிலேயே சுட்டது. எதற்கு? தன் புருஷன் பதிவு செய்து வைத்ததைக் கேட்க, பரீட்சைக்குப் படிக்கிற பையனிடம் போய், "சாமி, அந்தப் பாட்டக் கொஞ்சம் போட்டுக் குடேன்" என்று அவர் நிற்க வேண்டுமா? இரண்டாவது முறை கேட்டால் அவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். அதனால் மூன்றாவது முறை கேட்கவே மாட்டார். தோட்டத்தையும் மாட்டையும் தனியாளாகப் பார்க்கிறவருக்குப் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் இன்னொருத்தர் தயவு.

"நல்ல போன் வாங்கிக் குடுக்க மனசில்ல, அதான் எம்பி3" என்றும் ஒருவர் எழுதினார். வாங்கிக் கொடுத்தோமுங்க. அலமாரியில் துண்டு சுற்றி பத்திரமாக இருக்கிறது. வந்து பார்க்கலாம்.

பகிர்ந்த நண்பருக்கு ஒன்று. நீங்கள் என்னோடு படித்தவர். பொள்ளாச்சியில் கேசட் பதிவு செய்து தருகிற கடைக்கு லிஸ்ட் எழுதிக் கொண்டுபோய், இந்தப் பாட்டுக்கு அடுத்து அந்தப் பாட்டுத்தான் வர வேண்டும், மாற்றினால் காசு தர மாட்டேன் என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தவர். அன்றைக்கு அவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாலாவதுக்கு அடுத்து ஐந்தாவது, சரிங்க தம்பி என்று எழுதி வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் கற்காலம். நேரில் சொல்லியிருந்தால் நான்கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். ஊருக்கெல்லாம் காட்டி, பெயரையும் மறைக்காமல்.

அதன் கீழே சிரித்தவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் சிலர் உண்டு. அத்தைக்கு முகநூல் கிடையாது என்ற தைரியம். யார் யார் என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன். ஆடி நோம்பிக்கு எப்படியும் தோட்டத்துக்கு வருவீர்கள், கச்சாயம் சுட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே. வாருங்கள், தட்டு நான்தான் வைப்பேன்.