ஆமானும் இதே வசனத்தைத்தான் சொன்னான்

பேர் வேண்டாம், ஒரு ஆள் செத்த செய்திக்குக் கீழே நான் போட்டது ஒரே வார்த்தை: "நிம்மதி." கேக் வெட்டவில்லை, பட்டாசு வெடிக்கவில்லை. அதற்கே அன்றிலிருந்து ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். எல்லாருக்கும் கிடைத்தது ஒரே கதை. தப்பியோடிய அடிமை இஸ்ரவேலரைத் துரத்திவந்த எகிப்தியர் செங்கடலில் மூழ்கும்போது தேவதூதர்கள் பாடப் போனார்களாம். "என் கைப்படைப்பு கடலில் மூழ்குகிறது, உங்களுக்குப் பாட்டா?" என்று கடவுள் அதட்டினாராம். யூதர்களே இப்படிச் சொல்லும்போது உனக்கென்ன என்கிறார்கள்.

கதை யூதர்களின் பழைய வேத விளக்க நூலான தால்மூதில் இருக்கிறது, சரி. ஆனால் அதட்டு வாங்கியது யார்? தேவதூதர்கள். அவர்கள் செங்கல் அறுத்தார்களா, சாட்டையடி வாங்கினார்களா? வாங்கின ஜனம் கரையேறிப் பாடியது. மோசேயின் அக்கா மிரியாம் தம்புரு எடுத்து ஆடினாள். அவளை யாரும் அதட்டவில்லை. அந்தப் பாட்டு இன்றும் யூதர்களின் காலை ஜெபத்தில் இருக்கிறது. அடி வாங்கினவள் பாடலாம், வேடிக்கை பார்த்தவன்தான் வாயை மூட வேண்டும். என் கணக்கு இவ்வளவுதான்.

"உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்று பைபிளில் நீதிமொழிகள் 24 சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. அடுத்த வசனத்தை ஏன் ஒருவரும் போடுவதில்லை? நீ சந்தோஷப்பட்டால் அவன்மேல் இருக்கும் கோபத்தைக் கர்த்தர் விலக்கிவிடுவாராம். அதே புத்தகம் 11ஆம் அதிகாரத்தில் துன்மார்க்கர் அழிந்தால் ஊரே ஆரவாரிக்கும் என்கிறது. அதையும் அனுப்புங்களேன், பார்ப்போம்.

இன்னொரு கதையும் தால்மூதில்தான். யூதரான மொர்தெகாய் குதிரை ஏற, பாரசீக ராஜாவின் மந்திரி ஆமான் குனிந்து முதுகு கொடுக்க வேண்டியிருந்தது. ஏறும்போது மொர்தெகாய் ஒரு உதை விட்டார். உடனே ஆமான் இந்த "சந்தோஷப்படாதே" வசனத்தையே எடுத்துவிட்டான்! யூத இனத்தையே அழிக்க நாள் குறித்தவனுக்கு அப்போதுதான் வேதம் ஞாபகம் வந்தது. அது உனக்கில்லை, யூதர்களான எங்களுக்குள்ளே என்றார் மொர்தெகாய். அந்தப் பதில் எனக்கும் உறுத்துகிறது. இருக்கட்டும்.

என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு கந்துவட்டிக்காரர் இருந்தார். அவர் வரும் நாளில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போவார். உள்ளே அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வட்டிக்காரர் செத்த அன்று அம்மா ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, பட்டப்பகலில் ரேடியோ போட்டார். "சாவு விழுந்த தெருவில் ரேடியோவா" என்று சண்டைக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதவர்கள்.

அப்போ நீ இஸ்ரேல் ஆதரவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை சார். 2014 ஜூலையில், காசா எல்லையோர இஸ்ரேல் ஊரான ஸ்டெரோட் பக்கத்து மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காசாவில் குண்டு விழுவதைப் பார்த்துக் கைதட்டினார்களே, அவர்களுக்குத்தான் அந்தத் தேவதூதர் கதை. அவர்கள் ஊரிலும் ராக்கெட் விழுந்ததே என்பீர்கள். விழுந்தது. அதற்காகக் குழந்தைகள் இருக்கும் ஊர் எரிவதை நாற்காலி போட்டா பார்ப்பது? இதற்குமேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து யூதர்கள் வைக்கும் பஸ்கா விருந்தில், கடவுள் எகிப்துக்கு அனுப்பிய பத்து வாதைகளையும் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து துளித்துளியாகத் திராட்சரசத்தை எடுத்துவிடுவார்கள். எகிப்தியரும் செத்தார்களே, நம் சந்தோஷம் அந்த அளவு குறையட்டும் என்று இன்று பலர் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அப்புறம் மிச்சத்தைக் குடிக்கிறார்கள் ஐயா. கிண்ணத்தைக் கவிழ்ப்பதில்லை.

என் வார்த்தையை நான் எடுக்கப் போவதில்லை. அந்த ஆள் உயிரோடு இருந்தபோது அவர் செய்ததைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள், தயவுசெய்து எனக்குக் கருணை சொல்லித்தர வராதீர்கள்.